மணலுக்கு அடியில் இரை: டால்பினும் கொம்பன் சுறாவும் வேட்டையாடும் விதம்

1. மோதல் என்ற கேள்வி

டால்பினும் சுறாவும் மோதிக்கொண்டால் எது வெல்லும்? கடல் விலங்குகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்தக் கேள்வியையே சுற்றிவருகிறது. டால்பின்கள் கூட்டமாக வந்து சுறாவின் விலாவில் முட்டிக் கொன்றுவிடும் என்பதும், டால்பின் திரியும் இடத்தில் சுறா அண்டாது என்பதும் வழக்கமாகக் கிடைக்கும் விடைகள். 2004இல் நியூசிலாந்தின் வாங்கரே அருகே பெரிய வெள்ளைச் சுறா ஒன்று நெருங்கியபோது, கடலில் நீந்திக்கொண்டிருந்த நால்வரை டால்பின்கள் ஏறக்குறைய 40 நிமிடம் வளைத்து நின்று காத்ததாகச் செய்தி வந்தது. இந்த நம்பிக்கை மேலும் பரவ அது காரணமானது.

சோதித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த சித்திரம் வேறு. ஃபுளோரிடாவின் மோட் கடல் ஆய்வுக்கூடத்தில் 1970களின் தொடக்கத்தில் பெர்ரி கில்பர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் சிமோ என்ற டால்பினுக்குச் சுறாக்களை விரட்டப் பயிற்சி கொடுத்தார்கள். சில வகைச் சுறாக்களைச் சிமோ கற்றுக்கொடுத்தபடி விரட்டியது. காளைச் சுறாவை எதிரே விட்டபோது அதனருகே போக மறுத்துவிட்டது. டால்பினைத் தின்னக்கூடிய சுறாக்களில் காளைச் சுறாவும் ஒன்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் மைக்கேல் ஹெய்தாஸ் 2001இல் வெளியிட்ட கணக்கு இன்னும் கூர்மையானது. குட்டிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், அங்குள்ள டால்பின்களில் சுமார் 74 விழுக்காட்டின் உடலில் சுறாக் கடியின் தழும்பு இருந்தது. தழும்பு என்பது தப்பியவற்றின் கணக்கு மட்டுமே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் இந்தச் சான்றுகள் எல்லாம் புலிச் சுறா, காளைச் சுறா, வெள்ளைச் சுறா ஆகியவற்றைப் பற்றியவை. தமிழகக் கடற்கரையில் கொம்பன் சுறா என்று அழைக்கப்படும் சுத்தியல் தலைச் சுறா இந்த வரிசையில் முக்கிய இடம் பெறுவதில்லை. அதன் இரை திருக்கை, மீன், கணவாய், நண்டு, சிறு சுறாக்கள். டால்பினும் கொம்பன் சுறாவும் வெதுவெதுப்பான கடல்களில் ஒரே பரப்பில் வாழ்ந்தும், ஒன்றை ஒன்று பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் போகும் வேட்டை விலங்குகள். எனவே மோதல் என்ற கேள்வி இவ்விரண்டையும் ஒப்பிட உதவாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: கண்ணுக்குத் தெரியாத இரையை, குறிப்பாக மணலுக்கு அடியில் புதைந்து கிடக்கும் இரையை, இவை ஒவ்வொன்றும் எப்படிக் கண்டுபிடிக்கின்றன? எந்த இரை எதற்குப் புலப்படாமல் போகிறது?

2. ஒரே விரிகுடாவில் இரண்டு அளவீடுகள்

ஹவாயின் ஓவாஹு தீவில் உள்ள கானியோஹே விரிகுடா இந்த ஒப்பீட்டுக்கு வாய்த்த இடம். அலைவிளிம்புக் கொம்பன் சுறாக்கள் குட்டி ஈனும் கலங்கலான ஆழமற்ற நீர்ப்பரப்பு அது. டால்பின்களின் எதிரொலித் திறனை அளந்த சோதனைகள் பலவும் அங்கேதான் நடந்தன.

டால்பின் தன் நாசிப்பாதையில் உள்ள உதடு போன்ற திசுக்களை அதிரவைத்துச் சொடுக்கொலிகளை எழுப்புகிறது. நெற்றியில் உள்ள கொழுப்புத் திரள் அவற்றை ஒரு கற்றையாகக் குவித்து முன்னே அனுப்புகிறது. இரைமேல் பட்டுத் திரும்பும் எதிரொலி, கீழ்த்தாடையில் உள்ள கொழுப்பின் வழியாக உட்செவியை அடைகிறது. மனிதக் காது 20 கிலோஹெர்ட்சோடு நின்றுவிடும். டால்பினின் சொடுக்கொலி 120 கிலோஹெர்ட்சையும் தாண்டும். டால்பின் எதிரொலியால் தேடுகிறது என்பது உறுதிப்பட நாளாயிற்று. 1940களில் ஃபுளோரிடாவில் டால்பின் பிடித்துவந்த ஆர்தர் மெக்பிரைடு, கலங்கிய நீரிலும் அவை வலையைக் கண்டு விலகுவதைக் குறித்துவைத்தார். 1960 வாக்கில் கென்னத் நாரிஸும் குழுவினரும் ஒரு டால்பினின் கண்களை ரப்பர் கிண்ணங்களால் மூடினார்கள். கண் மறைக்கப்பட்ட டால்பின், தொட்டியில் இருந்த தடைகளில் இடிபடாமல் நீந்தியது. பிறகு கானியோஹே விரிகுடாவில் விட்லோ ஆவ் செய்த சோதனையில், 7.62 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் உலோகக் கோளத்தை டால்பின் 113 மீட்டர் தொலைவிலிருந்து கண்டறிந்தது. சாத்துக்குடி அளவுள்ள ஒரு பொருள் அது.

அதே விரிகுடாவில் உள்ள தேங்காய்த் தீவு ஆய்வுநிலையத்தில் ஸ்டீபன் கஜியூராவும் கிம் ஹாலண்டும் இளம் கொம்பன் சுறாக்களைச் சோதித்தார்கள். எல்லா உயிருள்ள உடலும் நீரில் மெல்லிய மின்புலத்தை உண்டாக்குகிறது. செவுள் அசையும்போது அது ஏறி இறங்குகிறது. சுறாவின் தலையில் ஊசிமுனைத் துளைகளாகத் தெரிபவை, கூழ் நிரம்பிய நுண்குழல்களின் வாய்கள். 1678இல் அவற்றை விரிவாக விவரித்த இத்தாலியரான ஸ்டெஃபானோ லோரென்சினியின் பெயரையே அவை இன்றும் தாங்கியுள்ளன. இரையின் மின்புலத்தைப் போலி செய்யும் மின்முனைகளைத் தொட்டியின் தரையில் பதித்து, சுறா எப்போது திரும்பிக் கடிக்க வருகிறது என்று 2002இல் வெளியான அந்த ஆய்வு பார்த்தது. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு நானோவோல்ட்டுக்கும் குறைவான புலத்தைக்கூடச் சுறா உணர்ந்தது. ஆனால் இத்தனை நுண்மையும் வேலை செய்வது அரை மீட்டருக்கு உட்பட்ட தொலைவில்தான்.

113 மீட்டர் ஒருபுறம், அரை மீட்டர் மறுபுறம். இதை வைத்து டால்பினே மேல் என்று தீர்ப்புச் சொல்லத் தோன்றும். அது அவசரத் தீர்ப்பு.

3. காற்றுப்பை என்ற பிரிகோடு

எதிரொலி எழ வேண்டுமானால், ஒலி பட்டுத் திரும்ப ஏதேனும் வேண்டும். மீனின் சதை பெரும்பாலும் நீர்தான். ஒலி அதைக் கிட்டத்தட்டத் தடையில்லாமல் கடந்துவிடும். எலும்பு மீன்கள் பலவற்றின் வயிற்றில் இருக்கும் காற்றுப்பைதான் ஒலியைத் திருப்பி அடிக்கிறது. அத்தகைய மீனிலிருந்து வரும் எதிரொலியில் பத்தில் ஒன்பது பங்கு அந்தப் பையினுடையது என்று 1980இல் வெளியான அளவீடு காட்டியது. மீன்பிடி விசைப்படகுகளின் எதிரொலிக் கருவிகளும் இதே தத்துவத்தால்தான் மீன் கூட்டத்தைக் காட்டுகின்றன.

காற்றுப்பை இல்லாத உயிர் மணலுக்குள் புதைந்தால் என்ன ஆகும்? மணல் துகளிலும் பாறைச் சில்லிலும் பட்டு வரும் இரைச்சலில் அதன் மங்கிய எதிரொலி கரைந்துபோகும். இதனால் டால்பினுக்கு மணல் முற்றிலும் மூடிய கதவு ஆகிவிடுவதில்லை. பஹாமாஸின் வெண்மணல் திட்டுகளில் புட்டிமூக்கு டால்பின்கள் தலையைத் தரைப்பக்கம் சாய்த்து, பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே நகர்வதையும், திடீரென்று மூக்கை மணலுக்குள் செலுத்திக் கண்வரை புதைந்து விலாங்கு போன்ற சிறுமீன்களை இழுத்தெடுப்பதையும் டெனிஸ் ஹெர்சிங்கும் கெல்லி ராஸ்பாக்கும் 1997இல் பதிவுசெய்தார்கள். அவை விட்டுப்போகும் இடத்தில் மணலில் குழிகள் எஞ்சும். சேற்றில் புதைந்த கண்ணிவெடிகளைக் கண்டறிய அமெரிக்கக் கடற்படை டால்பின்களைப் பழக்கியதும், 2003இல் இராக்கின் உம் கஸ்ர் துறைமுகத்தில் அவற்றை இறக்கியதும் இந்தத் திறனை நம்பித்தான். ஆனால் வெடி, உலோகமும் உள்ளீடும் கொண்ட பொருள். காற்றுப்பையற்ற மீனோடு அதை ஒப்பிட முடியாது.

டால்பினின் ஒலி எங்கே தடுமாறுகிறது என்பதற்கு மிகச் சிறந்த சான்று மறுபடியும் ஷார்க் விரிகுடாவிலிருந்தே வருகிறது. அங்கே சில டால்பின்கள் கடற்பஞ்சு ஒன்றைப் பிடுங்கி மூக்கில் கவசமாக மாட்டிக்கொண்டு, கரடுமுரடான தரையைக் கிளறுகின்றன. புதைந்திருக்கும் மீன் கலைந்து எழும்போது பஞ்சைப் போட்டுவிட்டுப் பிடிக்கின்றன. எதிரொலியால் தேடினால் போதுமே, மூக்கு சிராய்க்கும் இந்த உழைப்பு ஏன்? எரிக் பேட்டர்சனும் ஜேனட் மானும் 2011இல் முன்வைத்த விடை இதுதான்: அப்படிக் கிளறிப் பிடிக்கப்படும் மீன்களில் முக்கியமானவற்றுக்குக் காற்றுப்பை கிடையாது. ஒலிக்கு அவை சரியாகத் தென்படுவதில்லை. ஆகவே டால்பின் தொட்டுத் தேடுகிறது.

கொம்பன் சுறாவுக்கு இந்தச் சிக்கலே இல்லை. செவுள் அசைகிற எந்த உயிரும், அதற்குக் காற்றுப்பை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மின்புலத்தை வெளியிட்டே தீரும். ஏட்ரியானஸ் கால்மைன் 1971இல் வெளியிட்ட சோதனை இதை ஐயமற நிறுவியது. தட்டைமீன் ஒன்றை அகர் கூழாலான கூண்டில் வைத்து மணலில் புதைத்தார். மீனின் வாடை கசியாது. மின்புலம் மட்டும் கடந்துவரும். பூனைச் சுறா நேராக மீன் இருந்த இடத்துக்கே வந்தது. கூண்டின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை விரித்து மின்புலத்தையும் தடுத்தபோது, சுறா மீனின் மேலாகவே கடந்து போனது. மீனை எடுத்துவிட்டு மின்முனைகளை மட்டும் வைத்தபோது, அவற்றைக் கடிக்க மணலைத் தோண்டியது.

திருக்கைக்குக் காற்றுப்பை இல்லை. அது மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். பெருங்கொம்பன் சுறாவின் முதன்மை இரைகளில் ஒன்று திருக்கை என்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒலியின் பார்வைக்குத் தப்பிய உயிர்கள், மின்னுணர்வின் முன் ஒளிய இடமின்றி நிற்கின்றன.

4. தலை ஏன் அப்படி இருக்கிறது?

அரை மீட்டர் தொலைவுக்குள்தான் இரை தெரியும் என்றால், ஒரே தடவையில் எவ்வளவு அகலமான தரையைத் துழாவ முடியும் என்பது முக்கியமாகிறது. கொம்பன் சுறாவின் தலை பற்றிய விவாதம் இங்கேதான் தொடங்குகிறது. இதுவரை நான்கு விளக்கங்கள் வலுவாகப் பேசப்பட்டுள்ளன.

தலை விமான இறக்கைபோல் உடலைத் தூக்கிப் பிடிக்கிறது என்பது அவற்றில் பழையது. 2020இல் வெளியான கணினிவழி நீரோட்ட ஆய்வு இதைப் பெரிதும் பலவீனப்படுத்தியது. நேராக நீந்தும்போது அந்தத் தலை குறிப்பிடத்தக்க தூக்குவிசை எதையும் தரவில்லை. மாறாக, கூர்மூக்குச் சுறாக்களைவிடப் பல மடங்கு இழுவையை உண்டாக்கியது. இத்தனை விலை கொடுத்து வைத்திருக்கும் ஓர் உறுப்புக்கு வேறு பயன் இருந்தே ஆக வேண்டும்.

கண் தொடர்பான விளக்கம் இதைவிட உறுதியானது. தலையின் இரு நுனிகளில் கண் இருந்தால் முன்னால் இருப்பது தெரியாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. மிஷெல் மெக்கூம், திமோத்தி டிரைகாஸ், கஜியூரா மூவரும் 2009இல் அளந்தபோது முடிவு நேர்மாறாக வந்தது. இரு கண்களின் பார்வையும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பரப்பு, கொம்பன் குடும்பத்திலேயே தலை சிறிய மண்வெட்டித்தலைச் சுறாவில் 13 பாகை, அலைவிளிம்புக் கொம்பனில் 32, தலை மிக அகன்ற இறக்கைத்தலைச் சுறாவில் 48. கூர்மூக்குச் சுறாக்களில் அது 10 பாகை அளவே. தலை அகல அகல, தொலைவை மதிப்பிடும் திறனும் கூடுகிறது.

நாசித் துளைகள் தொலைவில் இருப்பதால் வாடை எந்தப் பக்கமிருந்து முதலில் வருகிறது என்று பிரித்தறியலாம் என்பது மூன்றாவது விளக்கம். ஜெயின் கார்டினரும் ஜெல்லே அட்டெமாவும் 2010இல் வேறொரு சிறு சுறாவில் செய்த சோதனை இதற்குத் துணை நிற்கிறது. இரு நாசிகளுக்கும் வாடை ஒரு நொடியின் சிறு பங்கு வேறுபாட்டில் எட்டினால், முதலில் உணர்ந்த பக்கம் அது திரும்பியது. ஆனால் அந்தச் சோதனை கொம்பன் சுறாவில் செய்யப்பட்டதல்ல. பொருத்தமான கருதுகோள் என்பதற்கு மேல் இதைக் கொண்டுசெல்ல இயலாது.

நான்காவது, மின்னுணர்வு. கஜியூரா, ஹாலண்ட் ஆய்வின் நுட்பம் வெளிப்படுவது இங்கேதான். கொம்பன் சுறாவை அதே அளவுள்ள கூர்மூக்கு மணற்சுறாவோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். எதிர்பார்ப்புக்கு மாறாக, உணர்திறனில் இரண்டும் ஒன்றே. கொம்பன் சுறா மின்புலத்தைக் கூடுதல் நுண்மையோடு உணர்வதில்லை; ஒரே கடவையில் கூடுதல் தரையைத் துழாவுகிறது. மேலும், இரைமேல் வந்தவுடன் உடலை மடக்கிச் சட்டெனத் திரும்புகிறது. இந்த முடிவு, கொம்பன் சுறாவுக்கு அபூர்வமான ஆறாம் அறிவு இருப்பதாக எழுதப்படுவதைக் கணிசமாகத் திருத்துகிறது.

எந்த நன்மைக்காகத் தலை முதலில் அகன்றது என்பதை இவை எதுவும் தீர்க்கவில்லை. மரபணு வழி வரையப்பட்ட வம்சவரிசையில், இந்தக் குடும்பத்திலிருந்து முதலில் பிரிந்தது இறக்கைத்தலைச் சுறா. அதன் தலையகலம் உடல்நீளத்தில் பாதியை நெருங்கும். சிறுதலை வகைகள் பின்னால் வந்தவை. படிப்படியாக அகன்று இன்றைய நிலையை அடைந்தது என்ற இயல்பான ஊகம் இதனால் ஆட்டம் காண்கிறது. தலை முதலில் பெருத்து, பிறகு சில கிளைகளில் சுருங்கியிருக்கலாம். அப்படியானால் நான்கு விளக்கங்களையும் போட்டியாளர்களாகக் கருதத் தேவையில்லை. வந்த தலையை ஒவ்வொரு வகையும் தன் வாழ்வுக்கேற்பப் பயன்படுத்திக்கொண்டது என்ற வாசிப்பே சான்றுகளோடு அதிகம் ஒத்துப்போகிறது.

5. கண்டுபிடித்த பின்

பஹாமாஸ் கடலில் பெருங்கொம்பன் ஒன்று திருக்கையைத் தாக்கியதைச் சாமுவேல் குரூபரும் உடன் ஆய்வாளர்களும் 1990இல் விவரித்தார்கள். தப்பியோடும் திருக்கையைச் சுறா மேலிருந்து தலையால் அடித்துத் தரையில் தள்ளுகிறது. தலையின் அடிப்புறத்தால் அதை மணலோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அழுத்திய நிலையிலேயே உடலைச் சுழற்றி, திருக்கையின் ஒருபக்கச் சிறகைக் கடித்துக் குதறுகிறது; பிறகு மறுபக்கம். சிறகு போனால் திருக்கையால் நீந்த முடியாது. அதன்பின் அவசரம் இல்லை. தேடும் கருவியாகப் பேசப்பட்ட தலை, பிடிக்கும் கருவியாகவும் இருப்பதை இந்தப் பதிவு காட்டியது.

திருக்கை சும்மா விடுவதில்லை. அதன் வால்முள் நஞ்சுள்ளது, இரம்பப் பற்கள் கொண்டது. 1907இல் யூஜீன் கட்ஜர் எழுதிய குறிப்பில், வட கரோலினாவில் பிடிபட்ட ஒரு கொம்பன் சுறாவின் வாயிலும் தாடையிலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட திருக்கை முள்கள் தைத்திருந்ததாகக் கண்டிருக்கிறது. அத்தனையையும் சுமந்துகொண்டு அது உயிரோடுதான் திரிந்தது. திருக்கை முள் தைத்து டால்பின்கள் இறந்த நிகழ்வுகளோ பதிவாகியுள்ளன.

டால்பினின் வாயும் வேறு. கூம்பு வடிவப் பற்கள் பிடிக்க மட்டுமே உதவும்; அறுக்கவோ மெல்லவோ உதவா. ஒருமுறை முளைத்தவை விழுந்தால் மீண்டும் முளைப்பதில்லை. சுறாவுக்குப் பற்கள் வாழ்நாள் முழுதும் வரிசைவரிசையாக வந்துகொண்டே இருக்கும். எனவே டால்பின் பெரும்பாலும் விழுங்க முடிந்ததையே தின்கிறது. விழுங்க முடியாததை என்ன செய்யும் என்பதற்குத் தென் ஆஸ்திரேலியாவின் ஸ்பென்சர் வளைகுடாவில் ஓர் அரிய காட்சி பதிவானது. பெண் டால்பின் ஒன்று பெருங்கணவாயைப் பாசிக்கிடையிலிருந்து வெட்ட மணலுக்கு ஓட்டி, மூக்கால் தரையோடு குத்திக் கொன்றது. உடலை மேலே தூக்கி, மை முழுதும் வெளியேறும்வரை மூக்கால் அடித்தது. பின்னர் மீண்டும் தரைக்குக் கொண்டுபோய் மணலில் தேய்த்துத் தோலை உரித்து, உள்ளிருந்த ஓட்டை நீக்கிவிட்டுத் தின்றது. 2003இலும் 2007இலும் இப்படிக் காணப்பட்டதை ஜூலியன் ஃபின்னும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்டார்கள். மீனவக் குடும்பத்தில் கணவாய் ஆய்ந்து பழகிய எவருக்கும் இந்த வரிசைமுறை புரியும்.

6. கற்ற வேட்டை, உடலோடு வந்த வேட்டை

கணவாயை ஆய்வதும், பஞ்சைக் கவசமாக்குவதும் பிறவியில் வருபவை அல்ல. பஞ்சு மாட்டும் பழக்கம் தாயிடமிருந்து குட்டிக்குப் போகிறது. மகன்களைவிட மகள்களே அதிகம் தொடர்கிறார்கள் என்பது 2005இல் மைக்கேல் குருட்சன் குழுவின் மரபணு ஆய்விலும் தெரிந்தது. பஞ்சு மாட்டினால் டால்பினின் சொடுக்கொலி சிதைகிறது என்றும், அந்தச் சிதைவோடு தேடப் பழக ஆண்டுகள் பிடிக்கும் என்றும் 2025இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஃபுளோரிடாவின் சீடர் கீயில் எப்போதும் ஒரே டால்பின் மீனை ஓட்டுகிறது; மற்றவை அரணாக நிற்கின்றன. பிரேசிலின் லகூனாவில் டால்பின்கள் மடவைக் கூட்டத்தைக் கரைப்பக்கம் ஒதுக்கி, தலையை அசைத்து அடையாளம் காட்ட, வீச்சுவலையோடு காத்துநிற்கும் மீனவர்கள் அந்தக் கணத்தில் வலையை வீசுகிறார்கள். நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கும் இந்தக் கூட்டுவேட்டையில், டால்பின்கள் இருக்கையில் வலையில் மீன் படும் வாய்ப்பு 17 மடங்கு கூடுகிறது என்று 2023இல் கணக்கிடப்பட்டது. எல்லா டால்பின்களுக்கும் இந்தக் கலை தெரியாது.

கொம்பன் சுறாக் குட்டிக்கு ஆசான் இல்லை. ஈன்றதோடு தாய் போய்விடும். தலை, அதன் துளைகள், மடங்கும் உடல் எல்லாம் கருவிலேயே தயார். கூட்டமாகத் திரிவது உண்மைதான். கலிபோர்னியா வளைகுடாவில் எல் பாஹோ என்ற கடலடிக் குன்றின்மேல் நூற்றுக்கணக்கான அலைவிளிம்புக் கொம்பன்கள் பகலில் சுற்றிவந்ததைப் பீட்டர் கிளிம்லி 1980களில் ஆராய்ந்தார். இரவானதும் அவை கலைந்து தனித்தனியே வேட்டைக்குப் போயின. விடியலில் குன்றுக்குத் திரும்பின. அவற்றின் கூட்டம் வேட்டைக்கானது அல்ல.

இந்தத் தனிவேட்டை எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்பது 2023இல்தான் தெளிவாயிற்று. ஹவாயில் மார்க் ராயர் குழுவினர் கருவி பொருத்திய சுறாக்கள் இரவில் 800 மீட்டருக்கும் கீழே பாய்ந்தன. மேலே நீரின் வெப்பம் 26 பாகை செல்சியஸ், கீழே 5. ஆனாலும் உடற்சூடு குறையவில்லை. வெப்பம் வெளியேறும் வாயிலான செவுள்களை மூடிக்கொண்டு, அதாவது மூச்சடக்கிக்கொண்டு, அவை பாய்கின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நுரையீரல் உள்ள டால்பின் மூச்சடக்குவது இயல்பு. செவுள் உள்ள ஒரு மீன் அதையே குளிருக்கு எதிராகச் செய்வது வியப்பு.

7. பிரிகோடு மங்கும் இடங்கள்

ஒலி டால்பினுக்கு, மின்புலம் சுறாவுக்கு என்று இதுவரை பிரித்ததும் முழு உண்மையல்ல. தென் அமெரிக்கக் கரையோரத்தின் கயானா டால்பினின் மூக்கில் உள்ள குழிகள், ஒருகாலத்தில் மீசைமயிர் முளைத்த இடங்கள், மின்புலத்தை உணர்கின்றன என்று 2012இல் கண்டறியப்பட்டது. நியூரம்பர்க் விலங்குக் காட்சியகத்தின் புட்டிமூக்கு டால்பின்கள் இரண்டிலும் அதே திறன் பின்னர் உறுதியானது. ஒரு சென்டிமீட்டருக்குச் சில மைக்ரோவோல்ட் என்பது அவற்றின் வரம்பு. சுறாவின் உணர்திறனோடு வைத்தால் இது ஆயிரம் மடங்குக்கும் மேல் மழுங்கியது. ஆனாலும் மணலில் மூக்கைப் புதைக்கும் கடைசி நொடியில், எதிரொலி உதவாத அண்மையில், அது போதுமானதாக இருக்கலாம். பஹாமாஸ் டால்பின்கள் கண்வரை புதைவதை இனி இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மறுபுறம், கொம்பன் குடும்பத்து மண்வெட்டித்தலைச் சுறா, ‘வேட்டை விலங்கு’ என்ற வரையறையையே அசைக்கிறது. அதன் வயிற்றில் கடற்புல் ஏராளமாக இருப்பது முன்பே தெரியும். நண்டு பிடிக்கையில் தற்செயலாக உள்ளே போனது என்று ஒதுக்கப்பட்டது. 2018இல் சமந்தா லீ குழுவினர், கடற்புல்லில் உள்ள கரிமப் பொருளில் ஏறக்குறைய பாதியை அது செரிக்கிறது என்று காட்டினார்கள்.

8. வலையின் முன்

இரண்டு விலங்குகளும் ஒரே முடிவைச் சந்திக்கும் இடம் செவுள்வலை. கொம்பன் சுறாவின் தலை, குட்டிப் பருவத்திலிருந்தே வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும் வடிவில் இருக்கிறது. மின்னுணர்வு நைலான் இழையை அறியாது. டால்பின் சிக்குவதுதான் புதிராகத் தோன்றும். ஆனால் அது எந்நேரமும் சொடுக்கொலி எழுப்பிக்கொண்டே போவதில்லை. இரையின் ஓசையைக் கேட்டபடி மௌனமாகவும் நீந்தும். மெல்லிய நைலானின் எதிரொலியும் மிக மங்கலானது. இந்தியப் பெருங்கடலின் சூரை வலைகளில் 1950 முதல் 2018 வரை 41 லட்சம் சிறு திமிங்கில இன விலங்குகள், பெரும்பாலும் டால்பின்கள், சிக்கியதாக 2020இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. குளிப்பவர்களைக் காக்க 1952 முதல் டர்பன் கடற்கரையில் கட்டப்பட்ட சுறா வலைகளிலும் கொம்பன் சுறாக்களும் டால்பின்களும் சேர்ந்தே மாண்டுள்ளன. பெரு நாட்டில் டால்பினைக் கொன்று சுறாவுக்கான தூண்டிலில் இரையாக்கும் வழக்கமும் பதிவாகியிருக்கிறது. இவற்றை வெறும் எண்களாகக் கடந்துபோக இயலவில்லை.

சட்டம் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. இந்தியாவில் டால்பின்களைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தூத்துக்குடி போன்ற இறங்குதளங்களில் கொம்பன் சுறா மற்றச் சுறாக்களோடு ஏலத்துக்கு வந்த மீன். புட்டுக்கும் கருவாட்டுக்கும் போனது. சுறாத் துடுப்பு ஏற்றுமதியை இந்தியா 2015இல் தடைசெய்தது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் மூன்று பெரிய கொம்பன் வகைகள் 2013இலும், குடும்பம் முழுதும் 2022இலும் சேர்க்கப்பட்டன. பெருங்கொம்பனும் அலைவிளிம்புக் கொம்பனும் 2019 முதல் மிக அருகிய இனங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. 2006இல் ஃபுளோரிடாவில் தூண்டிலில் பிடிபட்ட 580 கிலோ எடையுள்ள பெருங்கொம்பன் ஒன்றின் வயிற்றில் 55 குட்டிகள் இருந்தன. எண்ணிக்கை பெரிதாகத் தோன்றும். ஆனால் ஈற்றுக்கு ஈறு இரண்டாண்டு இடைவெளி, பருவமடையவே பல ஆண்டுகள்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. டால்பினைக் காக்கும் வழி கொம்பன் சுறாவைக் காப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் சில கடற்கரைகளில் வலைகளின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மிதவைத் தூண்டில்களை வைத்தபோது டால்பின் சாவு குறைந்தது. கொம்பன் சுறாவுக்கோ தூண்டிலும் ஆபத்தானதே. கொக்கியில் மாட்டிய உடனே உடல் நிலைகுலைந்து, விடுவித்தாலும் சாகும் சுறாக்களில் அது முன்வரிசையில் நிற்கிறது. வலையில் ஒலியெழுப்பும் கருவி கட்டினால் சில திமிங்கில இனங்கள் விலகும். சுறாவுக்கு அந்த ஒலி கேட்காது. ஆகவே கருவியை மாற்றுவதைவிட இடத்தை மூடுவதே இரண்டுக்கும் பயன் தரக்கூடியது. பஹாமாஸ் 1993இல் ஆயிரங்கால் தூண்டிலைத் தடைசெய்தது. 2011இல் தன் கடல் முழுவதையும் சுறாக்களின் காப்பிடமாக்கியது. குளிர்காலந்தோறும் பிமினித் தீவருகே பெருங்கொம்பன்கள் இன்னும் கூடுவதற்கு இந்த முடிவுகள் ஒரு காரணம் என்று கொள்ள இடமிருக்கிறது.

கோஸ்டாரிகா 2018இல் கோல்ஃபோ டுல்சே வளைகுடாவை அலைவிளிம்புக் கொம்பன்களின் காப்பிடமாக அறிவித்தது. அங்கே புட்டிமூக்கு டால்பின்களும் ஆண்டு முழுதும் வாழ்கின்றன; சதுப்புக்காட்டு ஓரங்களில் சுறாக் குட்டிகள் வளர்கின்றன. வளர்ந்த சுறாக்கள் வளைகுடாவை விட்டுத் திறந்த பசிபிக்குக்குப் போய்விடும். ஆயிரங்கால் தூண்டில்கள் விரிந்துகிடப்பது அந்த வழியில்தான். வளைகுடாவிலேயே தங்கிவிடும் டால்பினுக்கு அந்த எல்லைக்கோடு போதுமானது. ஈனுவதற்கு மட்டும் கரைக்கு வரும் கொம்பன் சுறாவுக்கு எவ்வளவு பெரிய எல்லை வேண்டும் என்பதைக் கருவி பொருத்திய சுறாக்களின் தடங்கள்தான் இப்போது ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருக்கின்றன.